முதலில் மேகசின், பிறகுதான் குண்டு: நெடுந்தூர செமி ஆட்டோ ரைஃபிளுக்கு எந்தத் தோட்டா?

நெடுந்தூர இலக்குச் சுடுதலுக்கு ரைஃபிள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் பாலிஸ்டிக் அட்டவணையைத்தான் முதலில் விரிக்கிறார்கள். 1000 கஜத்தில் எது குறைவாகத் தாழ்கிறது, எது காற்றில் குறைவாக விலகுகிறது என்று பார்த்து, பட்டியலின் உச்சியில் நிற்கும் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் ரைஃபிளுக்கு இது ஓரளவு சரிதான். சுட்ட வாயுவின் அழுத்தத்தால் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவில் அதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. மேகசினுக்குள், அதாவது தோட்டாக்களை அடுக்கும் பெட்டிக்குள், தோட்டா எவ்வளவு நீளம் வரை அடங்கும்? வாயு அழுத்தத்தையும் கூட்டின் (மருந்தும் குண்டும் பொருந்தும் பித்தளைக் குப்பியின்) பின்னுதையையும் போல்ட் எவ்வளவு வரை தாங்கும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு பார்த்தால், அட்டவணையில் பாதிப் பெயர்கள் தாமாகவே அடிபட்டுப் போயிருக்கும்.

சந்தையில் உள்ள செமி ஆட்டோக்களில் பெரும்பாலானவை இரண்டு அளவுச் சட்டங்களில் வருகின்றன. ஏஆர்-15 வகைச் சிறிய சட்டத்தில் தோட்டாவின் மொத்த நீளம் 57.4 மி.மீ.க்கு மேல் போக முடியாது. ஏஆர்-10 வகைப் பெரிய சட்டத்தில் 71 முதல் 73 மி.மீ. வரை இடம் கிடைக்கும்; துல்லியமான எண் மேகசினைப் பொறுத்தது. 6.5 பிஆர்சி நல்ல தோட்டாதான், ஆனால் அதன் நீளம் 75 மி.மீ. வழக்கமான ஏஆர்-10 மேகசினில் அது நுழையாது. .300 வின்செஸ்டர் மேக்னம் 84.8 மி.மீ. அதற்கென்று தனிச் சட்டத்தில் செய்த செமி ஆட்டோக்கள் இருக்கின்றன. அவை கனமானவை, போல்ட், மேகசின், எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி) எல்லாம் அந்த ஒரு தயாரிப்பாளரிடமே வாங்க வேண்டியவை. 1000 மீட்டருக்குள் காகிதத்தையும் இரும்புத் தட்டையும் சுடுகிறவருக்கு அவ்வளவு தூரம் போகத் தேவை இல்லை.

நீளத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. காற்றைக் கிழித்துப் போகும் திறன் அதிகமுள்ள குண்டு நீளமானது, மூக்கு கூர்ந்தது. கூடு எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு இடம் குண்டு வெளியே நீட்டக் கிடைக்கும். இடம் போதாவிட்டால் குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக இறக்க வேண்டும். அது வெடிமருந்தின் இடத்தைத் தின்னும். மூக்கின் வளைவு கழுத்துக்குள் போய்விட்டால் கழுத்தின் பிடியும் தளரும்.

.260 ரெமிங்டனுக்கும் 6.5 கிரீட்மூருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரண்டும் ஒரே விட்டமுள்ள குண்டை ஏறக்குறைய ஒரே வேகத்தில் எறிகின்றன. .260 என்பது .308 கூட்டின் கழுத்தைச் சுருக்கி 1997-ல் வந்தது. கூட்டின் நீளம் 51.7 மி.மீ., மொத்தத் தோட்டா 71.1 மி.மீ., ஆக வெளியே மிஞ்சுவது 19.4. பத்து ஆண்டுகள் கழித்து 2007-ல் ஹார்னடி கொண்டுவந்த கிரீட்மூரின் கூடு 48.8 மி.மீ., மொத்தம் 71.8; வெளியே 23. இந்த மூன்றரை மில்லிமீட்டரில்தான் .260 சந்தையை இழந்தது. வீட்டில் ஏற்கெனவே .260 குழலும் நல்ல கூடுகளும் வைத்திருப்பவர் மாற வேண்டிய அவசியம் இல்லை. புதிதாக வாங்குகிறவர் அதைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் நமக்குத் தெரியவில்லை.

பெரிய சட்டம்: .308-ஆ, 6.5 கிரீட்மூரா?

.308 வின்செஸ்டர் 1952-ல் வந்தது. பெரிய சட்டத்து செமி ஆட்டோக்கள் பெரும்பாலும் இதைச் சுற்றியே வடிவமைக்கப்பட்டவை. அதனால் ஊட்டுவதிலும் உருவுவதிலும் இது முரண்டு பிடிப்பது அரிது. நெடுந்தூரத்துக்கு இதில் வழக்கமான குண்டு 175 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) சியரா மேட்ச்கிங். ஜி1 பாலிஸ்டிக் கெழு, அதாவது காற்றைக் கிழித்துப் போகும் திறனின் அளவு, சுமார் 0.505; வேகம் 24 அங்குலக் குழலில் வினாடிக்கு 790 மீட்டர் அளவில். 168 கிரெயின் மேட்ச்கிங்கை நெடுந்தூரத்துக்கு வாங்க வேண்டாம். அது 300 மீட்டர் போட்டிக்காகப் பிறந்த குண்டு. அதன் பின்புறச் சரிவு 13 பாகை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது ஆட்டம் கண்டுவிடும். 600 மீட்டரில் ஒரே துளையைத் தேடும் அளவுக்குச் சுட்ட ரைஃபிள் 900-ல் தட்டையே தொடவில்லை என்றால், பலமுறை குற்றவாளி இந்தக் குண்டுதான். 175-ல் அந்தச் சரிவு 9 பாகை. அதனால் அது ஒலி எல்லையைக் கொஞ்சம் மரியாதையாகக் கடக்கும்.

6.5 கிரீட்மூரில் அளவுகோலாக 140 கிரெயின் இஎல்டி மேட்ச் குண்டை எடுத்துக்கொள்ளலாம்: ஜி1 கெழு 0.646, வேகம் வினாடிக்கு 826 மீட்டர். கடல் மட்டக் காற்றில் 1000 கஜத்தில், அதாவது 914 மீட்டரில், .308-ன் 175 வினாடிக்கு 355 மீட்டர் அளவுக்கு இறங்கி, ஒலியின் வேகத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். கிரீட்மூர் அப்போதும் 430-ஐ ஒட்டி இருக்கும். ஒலிக்குக் கீழே விழ அதற்கு இன்னும் இருநூறு மீட்டருக்கு மேல் இருக்கிறது.

ஆனால் உண்மையான வித்தியாசம் தாழ்வில் இல்லை. தாழ்வைத் தூரமானியும் ஸ்கோப்பின் டயலும் பார்த்துக்கொள்ளும். காற்றை மட்டும் கண்ணால் படிக்க வேண்டும். பக்கவாட்டில் வினாடிக்கு நாலரை மீட்டர் காற்று அடித்தால், அந்தத் தூரத்தில் .308 சுமார் 2.6 மீட்டர் ஒதுங்கும், கிரீட்மூர் 1.8 மீட்டர். இதை வேறு விதமாகப் பார்த்தால் விஷயம் புரியும். காற்றை வினாடிக்கு ஒரு மீட்டர் தப்பாகக் கணித்தால் .308-ல் அடி 58 செ.மீ. தள்ளிப் போகும், கிரீட்மூரில் 40. நல்ல செமி ஆட்டோ பத்துச் சூட்டில் 1 எம்ஓஏ (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) சிதறல் காட்டினால், 914 மீட்டரில் அது சுமார் 27 செ.மீ. வட்டம். ரைஃபிளின் துல்லியத்தைவிடக் காற்றுக் கணிப்புத்தான் புள்ளிகளைத் தின்கிறது. அதை மன்னிக்கும் தோட்டா எதுவோ அதற்குத்தான் இங்கே மதிப்பு.

உதையிலும் கிரீட்மூருக்கே சாதகம். ஒரே எடையுள்ள ரைஃபிளில் அதன் உதை ஆற்றல் .308-ன் முக்கால் பங்கு. தோள் வலியைவிட முக்கியம், சுட்ட குண்டு எங்கே விழுந்தது என்பதை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிகிறதா என்பது. செமி ஆட்டோ வாங்குவதே அடுத்த சூட்டை உடனே திருத்திச் சுடத்தான். தூசி கிளம்பிய இடம் கண்ணிலிருந்து நழுவிவிட்டால் அந்த வசதி வீண்.

அப்படியானால் .308 எதற்கு? குழலின் ஆயுளுக்கு. நிதானமாகச் சுட்டால் .308 குழல் 5000 சூடு வரையிலும் போட்டித் துல்லியத்தைக் காக்கும், சில நேரம் அதற்கும் மேல். கிரீட்மூரில் 2000 முதல் 3000 என்று எண்ணிக்கொள்வது நல்லது. காரணம் எளிது: ஏறக்குறைய அதே அளவு மருந்தின் தீ, சிறிய துளை வழியாகப் போகிறது. சேம்பருக்கு (தோட்டா அமரும் அறைக்கு) முன்னால் ரைஃபிளிங் (குழலின் உட்சுருள் வரிகள்) தொடங்கும் தொண்டைப் பகுதி அரிக்கப்பட்டு முன்னோக்கி நகர்கிறது. போல்ட் ரைஃபிளில் குண்டைக் கொஞ்சம் வெளியே நீட்டிப் பொருத்தி அந்த இடைவெளியைத் துரத்திப் பிடிக்கலாம். செமி ஆட்டோவில் மேகசின் தடுக்கும். அதனால் அதே தேய்மானம் செமி ஆட்டோவில் சீக்கிரமே தெரியவரும். மாதம் இருநூறு முந்நூறு சூடு சுடுகிறவர், பெரும்பாலும் 600 மீட்டருக்குள் நிற்கிறவர், .308-ஐ எடுத்தால் தவறே இல்லை.

6 மி.மீ. கிரீட்மூர் இந்தக் கதையின் தீவிர முனை. 108 கிரெயின் குண்டு, வினாடிக்கு 900 மீட்டர், தட்டையான பாதை, மென்மையான உதை. குழல் ஆயிரத்து ஐந்நூறு சூட்டை ஒட்டித் தேய்ந்துவிடும். வேகமாகத் தொடர்ந்து சுட்டால் அதற்கும் முன்பே. போட்டிக்குப் போகிறவர் உதிரிக் குழலை முதல் நாளே வாங்கி வைத்துக்கொள்வார். மற்றவர்களுக்கு இது வேண்டாத செலவு.

வாயு: அட்டவணை சொல்லாத பகுதி

6.5 கிரீட்மூர் செமி ஆட்டோக்களைப் பற்றிய புகார்களில் கணிசமானவை தோட்டாவைப் பற்றியவை அல்ல, போல்ட்டை இயக்கக் குழலிலிருந்து வாயுவை எடுக்கும் துளையைப் பற்றியவை. கிரீட்மூருக்குப் பிடித்தது ஹெச்4350 போன்ற மெதுவாக எரியும் மருந்து. .308-க்கு வார்கெட், ஐஎம்ஆர் 4064 போன்ற நடுத்தர வேக மருந்துகளே வழக்கம். மெதுவான மருந்து குழலில் இன்னும் தூரம் வரை அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டே போகும். எனவே .308-க்கு அளவாக இருக்கும் அதே இடத்தில் துளை போட்டால், கிரீட்மூரில் கூடுதல் அழுத்தம் போல்ட்டைச் சுமந்து நகரும் கேரியரைத் தள்ளும். கூடு இன்னும் சேம்பர் சுவரை ஒட்டிப் பிடித்திருக்கும்போதே போல்ட் திறக்கத் தொடங்கும். எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைப் பிய்க்கும், கூட்டின் அடியில் எஜெக்டர் (கூட்டை வெளியே தள்ளும் முள்) இழுத்த பளபளப்பான கோடு விழும், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் குழி தளரும். இதைப் பார்த்து மருந்து அளவு அதிகம் என்று நினைத்துக் குறைப்பவர்கள் உண்டு. பல நேரம் சேம்பர் அழுத்தம் சரியாகவே இருக்கும். திறக்கும் நேரம்தான் தப்பு.

அதனால் 22 முதல் 24 அங்குலக் கிரீட்மூர் குழலில் வாயுக் குழாய் சாதாரண ரைஃபிள் நீளத்தைவிட ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ நீண்டிருக்க வேண்டும். வாயுவின் அளவைத் திருகால் கூட்டிக் குறைக்கும் கேஸ் பிளாக்கும் வேண்டும். இது ஆடம்பரம் அல்ல. அமைக்கும் முறை இது. திருகை முழுக்க மூடி, மேகசினில் ஒரே ஒரு தோட்டாவை வைத்துச் சுடுங்கள். போல்ட் பின்னால் போய்ப் பூட்டாது. கால் சுற்றோ ஒரு கிளிக்கோ திறந்து மறுபடி ஒன்று. காலி மேகசினில் போல்ட் பின்னால் நின்று பூட்டும் இடம் வரும். ஐந்து முறை தொடர்ந்து பூட்டினால் அதற்கு மேல் ஒரு கிளிக் திறந்து அங்கேயே நிறுத்துங்கள். குளிர்ந்த நாளுக்கும் அழுக்கேறிய ரைஃபிளுக்கும் அந்த ஒரு கிளிக் தேவைப்படும். வலப்பக்கம் கூடு துப்பும் ரைஃபிளில், கூடுகள் கடிகாரத்தின் மூன்றுக்கும் நாலரைக்கும் இடையில் விழுந்தால் நல்லது. ஒன்று, ஒன்றரை மணித் திசையில் முன்னோக்கிப் பறந்தால் வாயு அதிகம். திருகு போதாவிட்டால் கனமான பஃபர் (கேரியரின் பின்னால் அதன் வேகத்தைத் தணிக்கும் எடை) அடுத்த வழி. வலுவான ஸ்பிரிங் அதற்கடுத்தது.

சிறிய சட்டம்

ஏஆர்-15 சட்டம் ஒரு கிலோவுக்கும் மேல் எடையை மிச்சப்படுத்தும். ஆனால் அதன் 57.4 மி.மீ. மேகசின் கண்டிப்பானது. .223 கூடு 44.7 மி.மீ. நீளம், குண்டு நீட்ட 12.7 மி.மீ.தான் கிடைக்கும். 77 கிரெயின் மேட்ச்கிங் அதற்குள் அடங்கும், வினாடிக்கு 840 மீட்டரில் கிளம்பும், 750 மீட்டரைத் தாண்டினால் ஒலி எல்லையில் தள்ளாடத் தொடங்கும். 80 கிரெயினும் அதற்கு மேற்பட்டவையும் இன்னும் தூரம் போகும். ஆனால் மேகசினில் அடங்காததால் போட்டியில் அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் சேம்பரில் வைத்துச் சுடுகிறார்கள். செமி ஆட்டோ வாங்கி ஒற்றைத் தோட்டாவாகச் சுடுவது விதிகளுக்கு உட்பட்ட போட்டிக்குச் சரி, மற்றபடி வேடிக்கைதான். 600 மீட்டர் வரை காற்றைப் படிக்கப் பழக .223-ஐ மிஞ்சிய ஆசிரியர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஃபெடரல் கொண்டுவந்த .224 வால்கிரி 6.8 எஸ்பிசி கூட்டைக் குறுக்கிச் செய்தது. 90 கிரெயின் குண்டை மேகசின் நீளத்துக்குள் அடக்கியது அதன் சாமர்த்தியம். அந்தக் குண்டு நிலைபெற வேகமான ட்விஸ்ட், அதாவது நெருக்கமான உட்சுருள், வேண்டும். 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது விளிம்பில் நிற்பது. குளிர்ந்த, அடர்ந்த காற்றில் குண்டு முழுதாக நிலைக்காது, சிதறல் பெருகும். 6.5 அங்குல ட்விஸ்ட் உள்ள குழலோ, 80 முதல் 88 கிரெயின் வரை உள்ள குண்டோ இருந்தால் பிரச்சினை தணியும்.

சிறிய சட்டத்தில் மெய்யான போட்டி 6.5 கிரெண்டலுக்கும் 6 மி.மீ. ஏஆர்சிக்கும் இடையில்தான். கிரெண்டலின் 123 கிரெயின் குண்டுக்கு ஜி1 கெழு 0.506, வேகம் 24 அங்குலக் குழலில் வினாடிக்கு 786 மீட்டர். மேலே .308-க்குச் சொன்ன எண்களோடு இதை ஒப்பிடுங்கள்: கெழுவும் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. அதாவது 1000 கஜம் வரை இரண்டின் பாதையும் ஒன்றுபோலவே இருக்கும், உதை மட்டும் சம எடை ரைஃபிளில் பாதி. தட்டில் படும் ஆற்றல் குறைவு. தூரத்துத் தட்டு ஆடுவது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இலக்குக்கு அதைவிட வேறு பாதகம் இல்லை.

2020-ல் வந்த 6 மி.மீ. ஏஆர்சி அதே கிரெண்டல் கூட்டின் வழி வந்தது. 108 கிரெயின் குண்டு, கெழு 0.536, வினாடிக்கு 838 மீட்டர். காற்றில் கிரெண்டலையும் .308-ன் 175-ஐயும் தெளிவாக முந்தும், கிரீட்மூரை எட்டாது. நமக்கு ஏஆர்-15 சட்டம்தான் என்று முடிவாகிவிட்டால் இதுவே முதல் தேர்வு. 800 மீட்டருக்குள் நிற்பவருக்கும், குட்டையான 18 அங்குலக் குழலை விரும்புகிறவருக்கும் கிரெண்டல் குறையொன்றும் வைக்காது. அதன் குழல் ஏஆர்சியின் குழலைவிட நீடிக்கவும் செய்யும்.

இந்த இரண்டிலும் பலவீனம் போல்ட்டில் இருக்கிறது. .223 கூட்டின் அடி 9.6 மி.மீ.; கிரெண்டலின் அடி 11.2. அதே வெளி அளவுள்ள போல்ட்டின் முகத்தை அகலமாகக் குடைந்தால் சுற்றுச்சுவர் மெலிகிறது. அகலமான அடியில் அதே அழுத்தம் விழுந்தால் பின்னோக்கித் தள்ளும் விசையும் கூடுகிறது. பூட்டும் பற்கள் உடைவது இதனால்தான். இவற்றின் உச்ச அழுத்தத்தை 52,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று கட்டிப் போட்டதும் இதனால்தான்; .308-க்கும் 6.5 கிரீட்மூருக்கும் அது 62,000. ஏஆர்சிக்கு மறுநிரப்புக் கையேட்டில் போல்ட் ரைஃபிளுக்கு ஒன்றும் வாயு ரைஃபிளுக்கு ஒன்றுமாக இரண்டு அட்டவணைகள் இருக்கும். முதலாவதைப் பார்த்து செமி ஆட்டோவுக்கு மருந்து நிரப்பினால், எந்தச் சூட்டில் பல் போகும் என்று சொல்ல முடியாது.

போல்ட்டிலும் இரண்டு வகை உண்டு. முகத்தின் ஆழம் 3.18 மி.மீ. உள்ளது 7.62×39-க்கானது, 3.45 மி.மீ. உள்ளதுதான் கிரெண்டலுக்கும் ஏஆர்சிக்கும் வழக்கம். போல்ட் ஓரிடத்திலும் குழல் வேறோரிடத்திலும் வாங்கினால் இந்தக் கால் மில்லிமீட்டர் ஹெட்ஸ்பேஸை (போல்ட் முகத்துக்கும் சேம்பருக்கும் இடையில் தோட்டாவுக்கான இடைவெளியை) கெடுத்துவிடும். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள், கேஜ் வைத்துச் சரிபாருங்கள். மேகசினும் தனி. .223 மேகசினில் கிரெண்டல் தோட்டா இரண்டு மூன்று நுழையும், பிறகு மூக்கு சாய்ந்து மாட்டும்.

தோட்டாவை நீங்களே நிரப்புவதாக இருந்தால்

ஏஆர் வகை ரைஃபிள்கள் பலவற்றில் ஃபயரிங் பின் ஸ்பிரிங் இல்லாமல் சும்மா மிதக்கிறது. போல்ட் அறைந்து மூடும்போது அது பிரைமரை லேசாகக் குத்தும். ஒவ்வொரு முறையும் ஒரு சிறு புள்ளி விழுவது இயல்பு. மென்மையான பிரைமரோ, குழிக்கு வெளியே துருத்தி நிற்கும் பிரைமரோ இருந்தால் போல்ட் பூட்டும்போதே வெடித்துவிடக்கூடும். பெரிய பிரைமர் குழிக்கு சிசிஐ 34, சிறியதற்கு 41 போன்ற கடின வகைகள் இதற்காகவே இருக்கின்றன.

கூட்டை முழு நீளத்துக்கும் அளவெடுத்துச் சுருக்க வேண்டும். கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே சரியும் பகுதியை) 0.08 முதல் 0.13 மி.மீ. வரை பின்தள்ளுவது செமி ஆட்டோவுக்குப் பொருந்தும். போல்ட் ரைஃபிள்காரர்கள் சொல்லும் 0.03-ஐப் பின்பற்றினால், கொஞ்சம் அழுக்கு சேர்ந்ததும் போல்ட் அரைகுறையாக மூடி நின்றுவிடும். கழுத்தின் பிடி 0.08 மி.மீ. அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும். சோதிக்க வழி எளிது: சுடுதளத்தில், குழல் மண்மேட்டை நோக்கி இருக்கும்போது, மேகசினிலிருந்து ஒரு தோட்டாவைப் போல்ட் முழு வேகத்தில் ஏற்றட்டும், சுடாமல் வெளியே எடுத்து நீளத்தை அளந்து பாருங்கள். 0.1 மி.மீ.க்கு மேல் மாறியிருந்தால் பிடி போதவில்லை. குண்டு உள்ளே தள்ளப்பட்டிருந்தால் அழுத்தம் ஏறும்; முன்னே நகர்ந்திருந்தால் வேகம் சீராக இராது. வேகத்தில் வினாடிக்கு 10 மீட்டர் ஏற்றத்தாழ்வு, 1000 கஜத்தில் மேலும் கீழுமாகக் கால் மீட்டருக்குக் குறையாத சிதறல்.

கடையில் வாங்கிச் சுடுகிறவருக்கு இந்த வேலைகள் இல்லை. ஆனால் தோட்டா தேர்வில் ஒரு நிபந்தனை கூடும்: குறைந்தது மூன்று தயாரிப்பாளர்களின் போட்டித் தர வகைகள் எளிதில் கிடைக்க வேண்டும். .308-க்கும் 6.5 கிரீட்மூருக்கும் அது கவலையே இல்லை. கிரெண்டலும் ஏஆர்சியும் பரவாயில்லை. வால்கிரிக்கும் .260-க்கும் இருப்பைப் பார்த்துவிட்டு ரைஃபிளுக்குப் போங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகம் பெரும்பாலும் 24 அங்குலக் குழலுக்கானது என்பதையும் கவனியுங்கள். ஓர் அங்குலம் குறையும்போது வினாடிக்கு 6, 7 மீட்டர் போகும். 18 அங்குலக் கிரீட்மூர் வாங்கிவிட்டு அட்டவணையின் எண்ணை டயலில் போட்டால் 900 மீட்டரில் குண்டு தட்டுக்கு முன்னாலேயே மண்ணைக் கிளப்பும். சொந்தக் குழலின் வேகத்தைக் குரோனோகிராஃபில் பத்துச் சூடாவது அளந்து, அந்தச் சராசரியைக் கணிப்பானில் போட வேண்டும்.

கடைசியாக, .308-ம் 6.5 கிரீட்மூரும் ஒரே மேகசினில் அடங்குபவை, கூட்டின் அடியும் ஒன்றே. இரண்டு குழல்களும் வைத்திருப்பவர், ஒரு குழலின் தோட்டா மற்றதற்கு மாறிப் போகாமலிருக்க, மேகசின்களில் நிறப் பட்டை ஒட்டி, ஒரு நாளில் ஒரு வகையை மட்டுமே சுடுதளத்துக்கு எடுத்துப் போவது நல்லது.